கொலுசு அளவு

விஸ்வநத்தம்
20.3.2022

அன்புள்ள மதினிக்கு,

முருகேஸ்வரி எழுதுகிறேன். இங்கே நான், அவர், பாப்பா ரோஷினி, மாமியார் எல்லோரும் சுகம். உங்கள் முட்டுவலி எப்படி இருக்கிறது? அண்ணன் வேளைக்குச் சாப்பிடுகிறாரா?

போன் இருக்கிற காலத்தில் இவள் கடுதாசி எழுதுகிறாளே என்று சிரிப்பீர்கள். இந்த வாரம்தான் மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்தேன். பட்டாசுக் கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. வீட்டில் வைத்துவிட்டுப் போனால் சாயங்காலம் வரை அது மாமியார் கையில். யாரிடம் பேசினேன், எவ்வளவு நேரம் பேசினேன், எல்லாம் அதிலே நிற்கும். அண்ணனும் என் நம்பர் வந்தால் எடுப்பதில்லை. அதனால் உங்கள் மல்லாங்கிணற்று ஆட்களை எங்கள் கம்பெனிக்கு ஏற்றிவரும் வேன் டிரைவர் பால்பாண்டி அண்ணாச்சியைப் பிடித்தேன். "ரெண்டு வீட்டுக்கும் பேச்சுத்தானம்மா கெடையாது, எழுத்துக்கு என்ன வந்துச்சு? குடுங்க" என்று வாங்கிக்கொண்டார்.

சிவராத்திரியன்று கோயிலில் நடந்ததைத்தான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும் என்று அண்ணன் வேட்டியைத் தழைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். என் மாமியார் வந்து, "பிள்ள பெறாதவுக மடியில வச்சா குத்துவாக? எங்க மூத்தவன் மடிக்குக் கொண்டாங்க" என்று பாப்பாவைத் தூக்கிவிட்டார். நீங்கள் சீர்த்தட்டோடு பின்னால் நின்றீர்கள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டேன். அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன், இதற்கு மேல் எழுத வரவில்லை.

பாப்பா குப்புற விழுந்துவிட்டாள். வழக்கப்படி மாமன் வீட்டிலிருந்து கொழுக்கட்டை வந்திருக்க வேண்டும். நானே அவித்து நானே தின்றேன்.

உங்கள்
முருகேஸ்வரி


மல்லாங்கிணறு
22.3.2022
(எழுதி, வேனில் கொடுக்காமல் வைத்துக்கொண்டது)

அன்புள்ள முருகேஸ்வரிக்கு,

பொன்னுத்தங்கம் எழுதுவது. நாங்கள் சுகம். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

சிவராத்திரியன்று காலையில் பாப்பாவை நான்தானே குளிப்பாட்டினேன். எண்ணெய் தேய்க்கும்போது இடது தொடையில் ஒரு மடிப்பு கூடுதலாக இருந்தது. இரண்டு முட்டியையும் மடக்கி வைத்துப் பார்த்தேன். இடது முட்டி இறங்கி இருக்கிறது. வலது கால் விரிகிற அளவுக்கு இடது கால் விரியவில்லை. எங்களைப் போன்ற பால்வாடி டீச்சர்களுக்கு விருதுநகரில் பயிற்சி வைத்தபோது ஒரு டாக்டர் பொம்மையை வைத்து இதைத்தான் காட்டினார். இடுப்பு மூட்டு குழிக்குள் சரியாக உட்காராத பிள்ளைகளுக்கு இப்படி இருக்குமாம். ஆறு மாதத்துக்குள் கண்டுபிடித்தால் ஒரு வார்ப்பட்டை போட்டே சரிசெய்துவிடலாம் என்றார். பிள்ளைக்கு வலிக்காது, அழாது, அதனால்தான் வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை என்றும் சொன்னார்.

பாப்பாவுக்கு ஆறு மாதம் முடிய இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது. நீ லீவு போட்டுவிட்டு உடனே எலும்பு டாக்டரிடம் காட்டு. அன்று சாயங்காலமே உன்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல நினைத்திருந்தேன். மத்தியானம்தான் அப்படி ஆகிப்போனது.

எழுதியதைத் திரும்பப் படித்தேன். பிள்ளை இல்லாதவள், அவமானப்பட்டு வந்த மூன்றாவது வாரம், உன் பிள்ளையின் காலில் குறை இருக்கிறது என்று எழுதுகிறாள். படிக்கிறவர்களுக்குச் சாபம் கொடுத்த மாதிரிதான் இருக்கும்.


மல்லாங்கிணறு
23.3.2022

அன்புள்ள முருகேஸ்வரிக்கு,

பொன்னுத்தங்கம் எழுதுவது. இங்கே இருவரும் சுகம். முட்டுவலி அப்படியேதான் இருக்கிறது. உன் அண்ணன் வேளைக்குச் சாப்பிடுகிறார், யாரோடும் பேசுவதில்லை.

நடந்ததை விட்டுத்தள்ளு. உன் மேல் எனக்கு ஒன்றும் இல்லை.

பாப்பா குப்புற விழுந்தது சந்தோஷம். குளிப்பாட்டும்போது இரண்டு முட்டியையும் மடக்கி வைத்தால் சமமாக இருக்கிறதா என்று பார். சும்மாதான் கேட்கிறேன், பால்வாடியில் எல்லாத் தாய்மாரிடமும் கேட்கிற கேள்வி. ஊசி போடப் போகும்போது காலையும் பார்க்கச் சொல்லி நர்ஸிடம் சொல்லு.

இப்படிக்கு
பொன்னுத்தங்கம்


விஸ்வநத்தம்
17.7.2022

அன்புள்ள மதினிக்கு,

நான்கு மாதமாகப் பதில் போடாமல் இருந்துவிட்டேன், திட்டாதீர்கள். எல்லோரும் நன்றாக இருக்கிறோம். உங்கள் ஊரில் மழை பெய்ததா? இங்கே வெயில்தான்.

சீசன் ஆரம்பித்துவிட்டது. பாக்கெட் போடுகிற ரூமில் நான்கு பேர்தான் உட்காரலாம், வேலை எட்டுப் பேர் வேலை. வீட்டுக்கு வந்தால் கையில் இருக்கிற சில்வர் சாயம் போகத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் பாப்பாவைத் தொட முடியும். அதற்குள் அவள் என்னை மறந்து தூங்கிவிடுகிறாள்.

பாப்பா எதையும் பிடிக்காமல் உட்காருகிறாள். ஆனால் முட்டி போட்டுத் தவழவில்லை. உட்கார்ந்தபடியே ஒரு காலை மடித்துக்கொண்டு சர்ரென்று நகர்ந்து வருகிறாள், பார்த்தால் சிரிப்பீர்கள். ஆபீசர் வருகிறார் என்று அவள் அப்பா கேலி செய்கிறார். ஊசி போட மாமியார்தான் தூக்கிப்போனார். நல்ல எடையாம்.

ஆர்டர் முடிந்ததும் பெரிய கடுதாசியாக எழுதுகிறேன்.

உங்கள்
முருகேஸ்வரி


மல்லாங்கிணறு
2.8.2022

அன்புள்ள முருகேஸ்வரிக்கு,

உன் கடிதம் கண்டேன். சுகமாக இருக்கிறீர்கள் என்றதில் மகிழ்ச்சி. இங்கே இரண்டு மழை பெய்தது, மூன்றாவதைக் காணோம்.

முட்டியைப் பற்றிக் கேட்டிருந்தேன். நீ எழுதவில்லை. பாப்பா நகரும்போது எந்தக் காலை மடிக்கிறாள்? எப்போதும் ஒரே காலையா? துணி மாற்றும்போது இரண்டு காலும் ஒரே மாதிரி விரிகிறதா? ஒரு நிமிஷ வேலைதான், பார்த்து எழுது.

பால்வாடிச் சுவரில் ஒரு படம் ஒட்டியிருக்கிறோம். எந்த மாதத்தில் தலை நிற்க வேண்டும், எந்த மாதத்தில் உட்கார வேண்டும், தவழ வேண்டும், நடக்க வேண்டும் என்று. காலையில் கதவைத் திறந்தால் முதலில் அதுதான் கண்ணில் படுகிறது. பாப்பாவுக்கு இப்போது பத்தாவது மாதம்.

இப்படிக்கு
பொன்னுத்தங்கம்


விஸ்வநத்தம்
25.11.2022

அன்புள்ள மதினிக்கு,

தீபாவளிக்கு அப்புறம் கம்பெனி மூடிக் கிடந்தது, வேனும் ஓடவில்லை. இன்றுதான் திறந்தார்கள். முதல் வேலையாக இதை எழுதிக் கொடுத்தனுப்புகிறேன். எல்லோரும் சுகம்தானே?

பாப்பா பிறந்தநாளுக்கு அண்ணன் கொடுத்துவிட்ட கொலுசு பத்திரமாக வந்து சேர்ந்தது. அதை அக்டோபர் ஆறாம் தேதிக் காலண்டர் சீட்டில் பொதிந்து வைத்திருந்தார், கூட ஒரு வரி இல்லை. அந்தச் சீட்டை மடித்துப் பர்ஸில் வைத்திருக்கிறேன். மாமியார் கொலுசை வாங்கிப் பார்த்தார். அவரே மாட்டிவிட்டார்.

இப்போது சுவரைப் பிடித்து நிற்கிறாள். நின்றுகொண்டே ஒரு பாதத்தை மட்டும் விரல் நுனியில் ஊன்றுகிறாள். நடனக்காரியாக வருவாள் என்று பக்கத்து வீட்டு யோகலட்சுமி சொல்கிறாள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

வேறு விசேஷம் இல்லை.

உங்கள்
முருகேஸ்வரி


மல்லாங்கிணறு
26.11.2022

அன்புள்ள முருகேஸ்வரிக்கு,

நலம். எந்தப் பாதம் என்று எழுது.

பொன்னுத்தங்கம்


விஸ்வநத்தம்
9.2.2023

அன்புள்ள மதினிக்கு,

இங்கு அனைவரும் நலம். உங்கள் இருவருக்கும் ஒரு நல்ல செய்தி. பாப்பா நடந்துவிட்டாள். பதினாறு மாதம் எடுத்துக்கொண்டாள் மகராசி. அடுப்படியிலிருந்து வாசல் நிலை வரைக்கும் ஒன்பது அடி, நானே எண்ணினேன்.

உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? அண்ணன் கொலுசைப் போட்டுக்கொண்டு நடந்தாள். நான் அடுப்படியில் திரும்பி நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு கால் சத்தம் முந்துகிறது, மற்றது பிந்துகிறது. ஒவ்வொரு அடிக்கும் இடது பக்கம் சாய்ந்து எழுந்து வருகிறாள். மாமியாரிடம் கேட்டேன். "நடக்கப் பழகுற பிள்ள எல்லாம் வாத்து மாதிரித்தான் நடக்கும். உன் புருசனுக்கே காலு வில்லு மாதிரி வளஞ்சு கெடந்துச்சு, ரெண்டு வயசுல நிமிரலயா?" என்றார். அதுவும் உண்மைதான். எல்லாப் பிள்ளைக்கும் கால் அப்படித்தான் வளைந்து நிமிரும் என்று நர்ஸ்கூடச் சொல்லியிருக்கிறார்.

நடைக்கொழுக்கட்டை அவித்திருக்கிறேன். அதில் ஐந்தை வேனில் கொடுத்தனுப்புகிறேன். ஊசிப்போவதற்குள் சாப்பிட்டுவிடுங்கள்.

உங்கள்
முருகேஸ்வரி


மல்லாங்கிணறு
10.2.2023

அன்புள்ள முருகேஸ்வரிக்கு,

கொழுக்கட்டை கிடைத்தது. உன் அண்ணன் இரண்டு சாப்பிட்டார். என்ன விசேஷம் என்று கேட்டார், சொன்னேன். எழுந்து காட்டு வேலைக்குப் போய்விட்டார்.

முருகு, கால் வளைந்திருப்பது வேறு, சாய்ந்து நடப்பது வேறு. மதுரைக்குக் கூட்டிப்போய் எலும்பு டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிடு. இந்த மாதமே போ. ஒன்றும் இருக்காது, காட்டிவிட்டால் நமக்கு மனசு நிம்மதி.

போய்விட்டு வந்து எழுது.

பொன்னுத்தங்கம்


விஸ்வநத்தம்
18.12.2023

மதினிக்கு,

பத்து மாதம் கழித்து எழுதுகிறேன். சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை, தப்பாக நினைக்காதீர்கள்.

இந்தத் தீபாவளி முடிந்ததும் மதுரைக்குக் கூட்டிப்போனோம். எக்ஸ்ரே எடுத்தார்கள். இடது இடுப்பு மூட்டு குழியில் இல்லை. பிறந்ததிலிருந்தே இல்லையாம். டாக்டர் படம் போட்டுக் காட்டினார். பிறந்த பிள்ளைக்கு அந்த இடத்தில் பாதிக்கு மேல் குருத்தெலும்புதானாம். தொடை எலும்பின் உருண்டை குழிக்குள் உட்கார்ந்து அசைய அசையத்தான் குழி கிண்ணமாக வளருமாம். உருண்டை வெளியே இருந்தால் கிண்ணம் தட்டையாகவே எலும்பாகிவிடும். இவளுக்கு அப்படி ஆகிவிட்டது. ஜனவரியில் ஆபரேஷன். குழியை வெட்டித் திருத்தி உருண்டையை உள்ளே வைத்து, இடுப்பிலிருந்து பாதம் வரைக்கும் மூன்று மாதம் மாவுக்கட்டு.

அந்த டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். "ஆறு மாசத்துக்குள்ள வந்திருந்தா ஒரு பட்டையில முடிஞ்சிருக்கும்மா. இத்தன நாளா வீட்டுல ஒருத்தருமா பாக்கல?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நான் மாமியாரைப் பார்த்தேன், மாமியார் தன் மகனைப் பார்த்தார். அவர் எக்ஸ்ரேயைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நீங்கள் ஏன் அத்தனை தடவை முட்டியைப் பற்றியே கேட்டீர்கள் மதினி?

முருகேஸ்வரி


மல்லாங்கிணறு
21.12.2023

அன்புள்ள முருகேஸ்வரிக்கு,

உன் கேள்விக்குப் பதில் இத்துடன் வைத்திருக்கிற பழைய கடிதத்தில் இருக்கிறது. தேதியைப் பார். அன்றைக்குப் பதினைந்து நாள் மிச்சம் இருந்தது.

சொன்னால் சாபம் என்பார்களே என்று பயந்துதான் அதை அனுப்பவில்லை என்று எழுதினால் நீ நம்பிவிடுவாய். அது பாதிதான். மீதியையும் எழுதிவிடுகிறேன். அன்று கோயிலிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது உன் அண்ணன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். அப்போது என் மனது சொன்னது, "பெத்தவுகளுக்குத்தான எல்லாம் தெரியும், அவுகளே பாத்துக்கிடட்டும்." நான்தான் சொன்னேன், வேறு யாரும் சொல்லவில்லை. ஒரு பச்சைப்பிள்ளையின் காலை வைத்துக்கொண்டு அப்படி நினைத்தேன்.

அந்தக் கோபம் எட்டு நாளில் போய்விட்டது. ஆனால் எட்டு நாள் சொல்லாதவள் ஒன்பதாம் நாள் எப்படிச் சொல்வாள்? அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாயே. ஒரு மாதம் ஆனதும் இன்னும் கஷ்டமாகிவிட்டது. ஒரு வருஷம் ஆனதும் கேட்கவே வேண்டாம். அதனால் சுற்றிச் சுற்றிக் கேள்வியாகக் கேட்டேன். நீயே பார்த்துவிட்டால் நான் சொல்ல வேண்டியதில்லை என்று இருந்தேன்.

இந்த வருஷம் ஏப்ரல் மாதம் ஒரு நாள் விஸ்வநத்தம் வந்தேன். உனக்குத் தெரியாது. உன் தெரு முக்கில் கடை ஓரமாக நின்றேன். பாப்பா வாசலில் நடந்துகொண்டிருந்தாள். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. உன் மாமியார் வெளியே வந்தார். நான் திரும்பி வந்துவிட்டேன்.

பால்வாடியில் இத்தனை வருஷத்தில் இரண்டு பிள்ளைகளை இதே குறைக்காக நான் அனுப்பியிருக்கிறேன். இரண்டும் இன்றைக்குத் தெருவில் ஓடுகின்றன. என் வீட்டுப் பிள்ளைக்குத்தான் வாயைத் திறக்கவில்லை.

உன் அண்ணனிடம் நேற்று எல்லாவற்றையும் சொன்னேன். ஆபரேஷனுக்கு ரத்தம் வேண்டுமானால் தருவதாகப் பால்பாண்டியிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

மன்னித்துவிடு என்று எழுத எனக்குத் தகுதி இல்லை.

பொன்னுத்தங்கம்


விஸ்வநத்தம்
12.6.2024

அன்புள்ள மதினிக்கு,

நான் சுகம். பாப்பா சுகம். உங்கள் முட்டுவலி எப்படி இருக்கிறது? ஆறு மாதத்தில் நாலைந்து கடுதாசி எழுதிக் கிழித்தேன். முதலில் எழுதியதெல்லாம் உங்களைத் திட்டித்தான். திட்ட நியாயம் இருக்கிறது, எனக்குத்தான் யோக்கியதை இல்லை. ஏன் என்று இன்றைக்காவது எழுதிவிடுகிறேன்.

உங்கள் ஆகஸ்ட் மாதக் கடிதம் வந்த அன்றே பாப்பாவைப் படுக்கவைத்து இரண்டு முட்டியையும் மடக்கிப் பார்த்தேன். இடது முட்டி இறங்கித்தான் இருந்தது. கடிதத்தை மடித்து அரிசிப் பானைக்குள் செருகிவிட்டு வேலைக்குப் போனேன். சும்மா கேட்கிறேன் என்று முதல் கடிதத்தில் நீங்கள் எழுதியதை நம்பவில்லை, நம்பின மாதிரி இருந்துகொண்டேன். சீசன், லீவு கிடைக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். டாக்டர் குறை என்று ஒன்றைச் சொன்னால் மாமியார் உங்கள் பேரைத்தான் சொல்வார். நீங்கள் குளிப்பாட்டினதால் வந்தது என்பார். அப்போதும் நான் கோயிலில் நின்ற மாதிரித் தலையைக் குனிந்துகொண்டுதான் நிற்பேன். அது எனக்கு நன்றாகத் தெரியும். அதைப் பார்க்கப் பயந்து பிள்ளையை ஒன்றரை வருஷம் நொண்டவிட்டேன்.

நினைத்தபடியே மாமியார் சொல்லவும் செய்தார். பிப்ரவரியில் மாவுக்கட்டு மாற்றப் போயிருந்தோம். ஆஸ்பத்திரி வராந்தாவில் பத்துப் பேருக்கு நடுவே, "அன்னைக்கு அந்த மலடி தொட்டதுல வந்த வென" என்றார். என் மடியில் பாப்பா, கால் இரண்டையும் விரித்துக் கட்டிப்போட்டபடி கிடந்தாள். நான் சொன்னேன். "அத்தை, அந்த வார்த்தைய இனிமே என் காதுல விழ விடாதீக. இதக் கண்டுபிடிச்சதே அவுகதான். நம்மதான் பாக்கல." அவ்வளவுதான் மதினி. இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. வானம் இடிந்து விழவில்லை. மாமியார் கொஞ்ச நேரம் கழித்து டீ வாங்கிவந்து கொடுத்தார். இதைச் சொல்லவா இரண்டு வருஷம் எடுத்துக்கொண்டேன் என்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

ஏப்ரலில் கட்டைப் பிரித்தார்கள். கால் குச்சியாக இருந்தது. உட்காரப் பழகினாள், நகரப் பழகினாள், சுவரைப் பிடித்து நின்றாள். எல்லாம் முதலிலிருந்து. போன தடவை வேலைக்குப் போய்விட்டதால் நான் பார்க்காததையெல்லாம் இந்தத் தடவை கூடவே இருந்து பார்த்தேன். கம்பெனியில் கணக்கை முடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். போன வெள்ளிக்கிழமை ஏழு அடி நடந்தாள். இன்னும் கொஞ்சம் சாய்வு இருக்கிறது. வளர வளர எலும்பு தன்னைத் திருத்திக்கொள்ளும், ஆனால் முழுக்கப் போய்விடும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றார் டாக்டர்.

கொழுக்கட்டை அவிக்கவில்லை. அது மாமன் வீட்டு வேலை.

அண்ணன் போட்ட கொலுசு சின்னதாகிவிட்டது. புதிதாகச் செய்யச் சொல்லுங்கள். அளவுக்கு இரண்டு நூல் வைத்திருக்கிறேன். ஒரே நூல் போதாதா என்று நினைக்காதீர்கள், இரண்டும் ஒரே நீளம் இல்லை. இடது கால் இன்னும் தேறவில்லை. முடிச்சுப் போட்டிருக்கிற நூல் இடது காலுக்கு.

ஏன் இரண்டும் வேறு வேறு அளவாக இருக்கிறது என்று ஆசாரி கேட்பார். நீங்களே கடைக்குப் போங்கள், அண்ணனை அனுப்பாதீர்கள். ஆசாரி கேட்கும்போது சொல்லிவிடுங்கள் மதினி.

உங்கள்
முருகேஸ்வரி